கிழங்குக்கு வைத்த பெயர்

கொட்டகைக்குள் யாரோ இருமினார்கள்.

குட்டியாய் இரண்டு, நீளமாய் ஒன்று. ராஜாத்தி பூவாளியை இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்றாள். நல்ல வெயில் நேரம். தென்னந்தட்டிகளின் இடுக்கு வழியே வெளிச்சம் கீற்றுக் கீற்றாக விழுந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு குழிகளில் பன்னிரண்டு கருணைக்கிழங்குச் செடிகள், பாம்பின் தோல்போலப் புள்ளி விழுந்த ஆளுயரத் தண்டின்மேல் ஒற்றை இலையைக் குடையாக விரித்துக்கொண்டு, காற்றுக்குக்கூட அசையாமல் நின்றன. ஆள் யாரும் இல்லை.

அந்த இருமல் அவளுக்குத் தெரியும். எட்டு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல்.

திருவொற்றியூரில் எலும்பு மில்லுக்குப் பின்னால்தான் மில் முதலாளி தண்டபாணியின் பங்களா, அதன் தோட்டத்தில் இந்தக் கொட்டகை. மாட்டெலும்பை அரைக்கும் வெள்ளைத் தூள் மதில் தாண்டி வந்து இலைமேல், துணிமேல், சோற்றின்மேல் படியும். மில்லில் வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் இருமல் உண்டு. ஆனால் அவள் புருஷன் கிருஷ்ணப்பன் இருமியதுபோல் வேறு யாரும் இருமியதில்லை. போன மாசி மாதம் ஒரு நாள் காலையில் தூக்குவாளியோடு மில்லுக்குள் போனவன் திரும்பி வரவில்லை. வேலையை விட்டு ஓடிவிட்டான் என்றது மில். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர், "புருஷன் பேரு இன்னாமே?" என்று கேட்டபோது அவள் வாய் திறக்கவில்லை. கட்டியவன் பெயரை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாத குறைக்குத்தான் கல்யாணமான வருஷம் இடது முன்கையில் பச்சை குத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கையை நீட்டினாள். ரைட்டர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இத்தினி பெருசா எழுதி வச்சும் ஓடிட்டானா?"

செத்துவிட்டான் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தாலியை அறுத்துப் போட்டு அழுது தீர்த்திருப்பாள். வருவான் என்றால் காத்திருப்பாள். ஓடிவிட்டான் என்பதை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வது? தாலியும் கழுத்தில் கனத்தது, தெருவும் சிரித்தது. பாவம் பார்த்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்தார் முதலாளி. கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். அந்தக் கும்பிடு நினைவு வரும்போதெல்லாம் கை கூசியது.

"இன்னா, பூதத்தைப் பாத்தவ மாதிரி நின்னுகினு கீற?" சமையல்கட்டுப் பக்கமிருந்து செடிகளுக்கு உரமிட எலும்புத்தூள் கூடையோடு வந்த கெங்கம்மா கேட்டாள். பங்களாவில் பத்து வருஷமாகச் சமைப்பவள்.

"உள்ள யாரோ இருமுனாங்க."

"உன் மாமனாரா இருக்கும், போ. அந்தப் பதிமூணாம் குழி மொட்டு வுட்டுருக்குது, தெரியுமா? இலை இல்ல, ஒண்ணுமில்ல, பன்னிக்குட்டி மாதிரி மண்ணக் கீறிகினு வந்துகீது. காலைலதான் மொதலாளி பேர்த் தகடு அடிச்சாரு."

"இன்னா பேரு?"

"எனுக்கு இன்னா படிக்கவா தெரியும்? செத்தவங்க பேரா இருக்கும்."

அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஜாவா, சுமத்ராவிலிருந்து வரும் கப்பல்காரர்களிடம் கிழங்கு வாங்கி நடுவார் முதலாளி. மொட்டு விட்ட பிறகுதான் பெயர் வைப்பார். உயிரோடு இருப்பவர் பெயரை வைத்தால் கிழங்கு அழுகிவிடும் என்று முதல் நாளே ராஜாத்தியிடம் சொல்லியிருந்தார். பன்னிரண்டு தகடுகளிலும் இருப்பது செத்துப்போன தன் ஊர்க்காரர்களின் பெயர்கள் என்றும் சொல்லியிருந்தார். பதின்மூன்றாம் குழியை மட்டும் அவரே தோண்டி, அவரே மூடினார். அது மாசி மாதக் கடைசியில்.

கெங்கம்மா கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ராஜாத்தி உள்ளே நடந்தாள். ஈரமண் வாடை, எலும்புத்தூள் வாடை, அதற்கும் அடியில் புதிதாக ஒன்று, மூடி வைத்து மறந்துபோன கறியின் வாடை. கோடியில் அந்த மொட்டு நின்றது. இடுப்புயரம். பழுப்பும் கருஞ்சிவப்புமான தடித்த மடல் தன்னைத்தானே இறுகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குச்சியில் துத்தநாகத் தகடு. ஆணியால் குத்தி எழுதிய எழுத்துகள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் முதல் எழுத்தின் வளைவு தெரிந்தது.

இடது கையை நீட்டித் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓர் எழுத்து. அதே எழுத்து. அடுத்தது. அதே சுழி, அதே கொக்கி, அதே புள்ளி. கடைசிவரை விரலால் தடவிப் பார்த்தாள். தகட்டில் இருந்ததெல்லாம் கையில் இருந்தது. கையில் இருந்ததெல்லாம் தகட்டில் இருந்தது.

தடுமாறி மொட்டைப் பிடித்துக்கொண்டாள். அது சூடாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றிபோல.

"ஏ புள்ள. பூக்குற நேரத்துல ஒன்ன உள்ள வரச் சொன்னது யாரு?"

தண்டபாணி வாசலில் நின்றார். தோளில் துண்டு, கையில் சிறிய நாடா, மொட்டை அளப்பதற்கு.

"இது யார் பேரு மொதலாளி?"

"ஒனக்கெதுக்கு? தண்ணிய ஊத்திட்டு வெளிய போ."

"சொல்லு, யார் பேரு?"

"செடிக்கு ஒரு பேரு வச்சா அது ஒம் புருசன் பேருதானா? ஒலகத்துல ஒரே ஒரு கிருஷ்ணப்பன்தான் இருக்கானா?"

சொல்லிவிட்டுத்தான் அவள் கையைப் பார்த்தார். பச்சை எழுத்துகளைப் பார்த்தார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"உசுரோட கீறவங்க பேர வெக்க மாட்டேன்னியே," என்றாள் ராஜாத்தி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "செத்துட்டான்னு சொல்லு. மெஷின்ல வுழுந்தானா? சொல்லு. ஒரு வார்த்தை. நான் இத அறுத்துப் போட்டுட்டு அழுவணும்."

"ஓடிட்டான்னு எழுதியாச்சு. இனிமே மாத்த முடியாது."

கை தாலிக் கயிற்றுக்குப் போனது. இழுத்தால் வந்துவிடும். செத்தவன் பெயரைச் சொல்லத் தடை ஏது? மொட்டைப் பார்த்துத் திரும்பினாள். எட்டு வருஷம் நாக்குக்கு அடியில் கிடந்ததைத் துப்புவதுபோலச் சொன்னாள்.

"கிருஷ்ணப்பா."

மடல் விரிந்தது.

மெல்ல அல்ல. ஒரே வீச்சில். உள்ளே இரத்தச் சிவப்பு. நடுவில் உயர்ந்த தண்டு. அதன் அடியிலிருந்து மூச்சு. வெதுவெதுப்பான, நாறும் மூச்சு. அதனோடு வெள்ளைத் தூள்.

குட்டியாய் இரண்டு. நீளமாய் ஒன்று.

பிறகு, மண்ணுக்குள்ளிருந்து, மில்லிலிருந்து வந்ததும் அவன் தினம் சொல்கிற அதே சொல்.

"தண்ணி குடுமே."

அவள் ஊற்றினாள். கை தானாக ஊற்றியது. மண் மடக் மடக்கென்று குடித்தது.

முதலாளி பின்வாங்கினார். அவருக்குப் பின்னால் முதல் குழியில் ஓர் இருமல். கனத்த, வறண்ட இருமல். ஐந்தாம் குழியில் இன்னொன்று. ஏழாவதில். பன்னிரண்டிலும். ஒவ்வொன்றும் வேறு தொண்டை. எல்லாம் மில் இருமல். இவருடைய ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரும் எந்த ஊரில் எலும்பு அரைத்தார்கள்?

தண்டுகள் அசைந்தன. காற்று இல்லை. குடைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் பக்கம் சாய்ந்தன.

"ராஜாத்தி," என்றார் அவர். முதல் முறையாகப் பெயர் சொல்லி. "கையக் குடும்மா."

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். தட்டிக் கதவைச் சாத்தினாள். இரும்புக் கொக்கியை மாட்டினாள்.

உள்ளே கத்தல். தட்டியில் அடி. பிறகு ஏதோ இழுபடும் சத்தம், ஈர மண்ணில், நெடுநேரம். பிறகு இருமல்கள். அவள் எண்ணினாள். பதின்மூன்று. சற்றுப் பொறுத்து, இன்னும் பழகாத தொண்டையில், பதினான்காவது.

கதவுக்கு முதுகைக் கொடுத்து மண்ணில் உட்கார்ந்தாள். தாலி மூடிய கைக்குள் இருந்தது. அறுக்கவில்லை. அழவும் வரவில்லை. செத்தவன் தண்ணீர் கேட்பானா?

கதவுக்கு அடியிலிருந்து வெள்ளைத் தூள் வழிந்து வந்து அவள் பாதத்தை மூடியது. வெதுவெதுப்பாக இருந்தது.

"கதவத் தொறமே."

மிக அருகில். தரையோடு தரையாக.

அவள் திரும்பவில்லை. கதவிடுக்கில் புள்ளி விழுந்த, மண் ஒட்டிய ஒரு குருத்து நுழைந்தது. நுனியில் ஐந்தாகப் பிரிந்தது. அது அவள் இடது கையைத் தேடிக் கண்டுபிடித்தது. முன்கைமேல் ஏறியது. முதல் எழுத்தில் தொடங்கி, சுழி சுழியாக, பச்சைக் கோட்டை விட்டு விலகாமல், மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தது.