செவ்வாய்ப் பன்னீர்

"நீ கூப்பிட்டா வர்றேன் புள்ள. கூப்பிடாத எடத்துக்கு எப்படி வர்றது?"

"பொண்டாட்டி இருக்குற எடத்துக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமாக்கும்?"

"வெத்தலை பாக்கெல்லாம் வேணாம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொல்லாமலே தெரிஞ்சிக்கிறவருக்குப் பேருதான், மாமா, புருஷன்."

ஜெயசீலி செவ்வாய்க்குக் கிளம்பிய அன்று, ஏவுதள வாசலில் அவளும் கணவன் இன்னாசிமுத்துவும் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு அது. பூமிக் கணக்கில் எட்டு வருடம் ஆகப்போகிறது. செவ்வாய்க் கணக்கில் நான்குதான் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

அன்று எழுந்ததும் முதல் வேலையாக ஜெயசீலி குளிர்காலத்தை அணைத்தாள். படுக்கையறைச் சுவரிலேயே அதற்கு ஒரு விசை இருந்தது. குவிமாடத்துக்குள் மெல்ல வெப்பம் ஏறியது. நான்கு மாதம் உறங்கிக் கிடந்த கொடிகளில், கவாத்து செய்த வெட்டுவாய்தோறும் நீர் துளிர்த்துச் சொட்டியது. அழுது முடித்துவிட்டுத்தான் கொடி தளிர்விடும். அவளுக்கு அது பிடிக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து அவள் கொண்டுவந்த பன்னீர் திராட்சைக் கொடிகள் அவை. ஊரில் அவற்றுக்குக் குளிர்காலமே கிடையாது. ஓய்வில்லாமல் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை காய்த்துத் தள்ளும். முதல் மது அந்தப் பழக்கத்திலேயே செய்தது. ரோஜா மணம், மேலோட்டமான இனிப்பு. 'நான் நல்லா இருக்கேன்' என்று ஊருக்குப் பேசும்போது சொல்வதைப் போல.

இரண்டாவது அறுப்புக்குள் வேர்கள் செவ்வாயின் மண்ணில் இறங்கிவிட்டன. உப்பைக் கழுவியெடுத்த சத்தில்லாத மண். மண் தன் ருசியை நேராகப் பழத்துக்குள் ஊட்டிவிடுவதில்லை; பழத்தைச் சிறுக்க வைத்து, தோலைத் தடிக்க வைத்து, தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளும். அதே பன்னீர்தானா என்று கேட்கும்படி அந்த மது இறுகியிருந்தது. மூன்றாவது வருடம் கொடிகளுக்குக் குளிர்காலம் கொடுத்துப் பார்த்தாள். அந்த வருடம் இன்னாசி கல்யாண நாளை மறந்துபோனான். பழுக்க ஒரு வாரம் இருக்கும்போதே அறுத்துவிட்டாள். நல்ல புளிப்பு.

நான்காவதுதான் அவள் மனதாரச் செய்தது. பழங்களைத் தாமதமாகப் பறித்து, சாற்றைத் தோலோடு முப்பது நாள் ஊறவிட்டாள். கறுப்பாக, துவர்ப்பாக, விழுங்கிய பிறகும் நெடுநேரம் நாவில் நின்றது அதன் மணம்.

குடியிருப்பின் நாவுணரி, மதுவின் ஒரு துளியிலிருந்து அதன் வரலாற்றையே சொல்லும் இயந்திரம், முந்நூறு பேர் கூடியிருந்த விழாவில் அறிவித்தது: "வகை, பன்னீர். இடம், மூன்றாம் குவிமாடம். பறித்தது பதினோரு நாள் தாமதமாக. செய்தவர் யாருக்காகவோ காத்திருந்திருக்கிறார்."

சபை கைதட்டியது. ஜெயசீலிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நாக்கே இல்லாத இயந்திரத்துக்குப் புரிந்துவிட்டது!

ஒவ்வொரு அறுப்பிலும் ஒரு பாட்டிலை இன்னாசிக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். அவனிடமிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். "கெடச்சுச்சு. பத்திரமா இருக்கு."

என்ன மனுஷன் இவர் என்று அழுதிருக்கிறாள். கொதித்தும் இருக்கிறாள்.

பூமியிலிருந்து அடுத்துக் கிளம்பும் கப்பலோடு குடும்பத்தாருக்கான இருக்கைகள் முடிகின்றன. இங்கே இருப்பவர் தம் சொந்தக் குரலில் அழைத்தால்தான் அங்கே இருப்பவருக்கு இருக்கை என்பது விதி. அழைப்பு அனுப்ப இன்று மாலையே கடைசி. கேட்காமலே கேட்டுப் பார்த்தாயிற்று, நான்கு தடவை. இனி என்ன?

நண்பகலில் அவன் அனுப்பிய காட்சி வந்தது. பன்னிரண்டு நிமிடம் விண்வெளியைக் கடந்து வந்த இன்னாசி, தலை நரைத்து, கோபத்தில் இருந்தான்.

"கேளு புள்ள இந்தக் கூத்த. உன் தம்பி, மகனோட ஞானஸ்நான விருந்தப்ப நம்ம வீட்டுக்கு வந்துட்டு, 'அந்தப் பாட்டில்ல ஒண்ணத் தொறங்க மாமா, ருசி பாப்போம்'ங்கிறான். கைய ஒடச்சிருவேன்னுட்டேன். இந்தா, நீயே பாரு."

காட்சி திரும்பியது. வரவேற்பறையில் கண்ணாடிக் கதவுபோட்ட ஷோகேஸ். பிளாஸ்டிக் உறை பிரிக்காத பீங்கான் கோப்பைகளுக்கும் மாதா சுரூபத்துக்கும் நடுவே நான்கு பாட்டில்கள் பளபளவென்று நின்றன.

"ஒரு தூசி உண்டா? வாராவாரம் தொடைக்கிறேன். சீல்கூட ஒடைக்கல. நாம ரெண்டு பேரும் சேர்ந்து தொறக்கணும்ல?"

ஜெயசீலி முதலில் சிரித்தாள். சிரிப்பு அடங்கும்முன்பே கண் நிறைந்துவிட்டது. எட்டு வருடமாக மதுவில் எழுதிய கடிதங்கள்! ஒன்றைக்கூட அவன் பிரிக்கவில்லை. துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறான். அவர்கள் ஊரில் விருந்தாளிக்கென்று வாங்கிய கோப்பையில் எந்த விருந்தாளியும் குடித்ததில்லை. நல்லது எதுவானாலும் கண்ணாடிக்குள் போய்விடும். மனிதன் கோள்விட்டுக் கோள் போன பிறகும் அந்த ஷோகேஸைக் கூடவே சுமந்துகொண்டுதான் போகிறான்.

அவனைத் திட்ட வாய்வரைக்கும் வந்தது. அதற்குள், வேறொன்று உறைத்தது. அவனிடம் நான்கு இருந்தன என்றால், அவள் தொண்டையில் ஒன்று இருந்தது. எட்டு வருடமாக, தூசி படாமல், சீல் உடைக்காமல்.

பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"மாமா, அந்த நாலு பாட்டிலையும் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு, இந்தக் கப்பல்லயே கெளம்பி எங்கிட்ட வாங்க."