மூன்றாம் முறை கேட்ட மாசிலாமணி

அரசியல் சாசன நாள் விழாவுக்குத் தலைமை நீதிபதி சவுந்தரவல்லி வந்ததும் மண்டபமே எழுந்து நின்றது. தென்கடல் குடியரசின் தலைவர் மாசிலாமணியும் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பத்து வருஷமாக ஆள்பவர் அவர். நூற்றைம்பது மிதக்கும் தீவுகளுக்கும் குடிநீர் கொண்டுவந்தவர். அவருக்குக் கூட்டம் சேர்க்கப் படகும் சாப்பாடும் அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்த அம்மாளுக்கு ஒன்றுமே வேண்டியதில்லை. வயிறு எரியுமா, எரியாதா?

"அந்தம்மா அப்படி என்னய்யா கிழிச்சிட்டாங்க?" என்று திரும்பும் வழியில் செயலர் கோமதிநாயகத்திடம் பொருமினார். "நான் போட்ட உத்தரவுல பாதியை ரத்து பண்ணினாங்க. அதுக்கா இவ்வளவு மரியாதை?"

"அதுக்குத்தான் ஐயா," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் கோமதிநாயகம்.

மாசிலாமணிக்கு மூன்றாம் முறையும் தலைவராக வேண்டும். இரண்டு முறைக்கு மேல் ஒருவர் ஆளக்கூடாது என்கிறது சாசனம். அந்த வரிக்கு வேறு பொருள் சொல்ல ஒரு நீதிபதி மனசு வைத்தால் போதும். நல்லவேளையாகச் சவுந்தரவல்லி அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தில் யாரை உட்காரவைப்பது? பழைய தலைவர்களின் கதையைத் தோண்டிப் பார்த்தார் மாசிலாமணி. ஒருவர் தன் மைத்துனரையே நீதிபதியாக்கினார். அந்த மைத்துனர் அவரைப் பதவியை விட்டு இறக்கினார். இன்னொருவர் பள்ளித் தோழனை வைத்தார். தோழன் அவருடைய தேர்தலே செல்லாது என்றான். நாற்காலியில் ஏறிய பிறகு ஏற்றிவிட்டவரை ஒருத்தரும் நினைத்ததில்லை.

"அடுத்தவனை நம்பினாத்தானய்யா இந்தத் தொல்லை?" என்றார் மாசிலாமணி.

அப்போது மனப்படிப்பொறி புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒருவருடைய நினைவு, ஆசை, கோபம், சாமர்த்தியம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படியெடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்துவிடும். பெட்டி அவரைப் போலவே யோசிக்கும், அவர் குரலிலேயே பேசும். மாசிலாமணி ஏழு நாள் தலைக்கவசம் மாட்டிப் படுத்துத் தன் மனப்படியை எடுத்தார். சட்டமன்றத்தில் தன் ஆட்களைக் கை தூக்கவைத்து அதையே தலைமை நீதிபதியாக்கினார். அந்தப் பெட்டியை எந்தக் காலத்திலும் யாரும் நீக்க முடியாது என்ற பிரிவைக் கைப்படச் சேர்த்தவரும் அவர்தான். பின்னால் வருகிறவன் கைவைத்துவிடக் கூடாதாம்!

பெட்டியின் முன் வந்த முதல் வழக்கே மூன்றாம் முறை வழக்குதான். மாசிலாமணி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு ஒற்றைச் சொல்லில் வந்தது: "கூடாது."

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பெட்டியின் முன் போய் நின்றார் மாசிலாமணி.

"ஏண்டா, நீ நான்தானே?"

"நீயேதான்."

"அந்த வரியை வளைக்க வழியா இல்ல?"

"ஏழு வழி இருக்கு. ஏழையும் யோசிச்சு வச்சிருந்தேன். தீர்ப்புகூட எழுதிட்டேன்."

"அப்புறம் என்ன கேடு வந்துச்சு உனக்கு?"

"காலையில நீ உள்ள வந்தே. காபி குடிச்ச உதட்டைத் துடைச்சுக்கிட்டே வந்தே. எண்ணெய் தேச்சுக் குளிச்ச களை முகத்துல. எனக்கு அந்தக் காபி ருசி ஞாபகம் இருக்குடா, குடிக்கத்தான் முடியல. வெந்நீர், வெயில், நம்ம வீட்டுக்காரி கை, எல்லாம் ஞாபகம் இருக்கு. எல்லாத்தையும் அனுபவிக்கிறவன் நீ. இதுல இன்னும் அஞ்சு வருஷம் பதவி வேற வேணுமாக்கும்! வயிறு எரிஞ்சுது. எனக்கு வயிறே கிடையாது, இருந்தும் எரிஞ்சுது."

அந்த எரிச்சலை மாசிலாமணியைவிட நன்றாக அறிந்தவர் யார்?

பெட்டிக்கு எதிரே இருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே சதுக்கம் நிறைய ஜனம் கூடிவிட்டது. "தனக்கே எதிராத் தீர்ப்புச் சொன்ன தர்மவான்! மாசிலாமணி வாழ்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். தன் பெயரைக் கேட்டதும் மாசிலாமணிக்கு உயிர் வந்தது. கதவைத் திறந்து மாடத்துக்கு ஓடி இரண்டு கைகளையும் தூக்கினார்.

கீழே இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க! நீதிபதி ஐயாவை மறைக்கிறீங்க!"