மாடியறை ரயில்

மழை மட்டும் அப்படிச் சாய்ந்து அடித்திருக்காவிட்டால் அவன் அந்த ஹாலுக்குள் நுழைந்திருக்கவே மாட்டான்.

குடை வைத்திருந்தவர்களையும் விட்டுவைக்காத மழை. தெருவில் போய்க்கொண்டிருந்தவன் கண்ணில் பட்ட முதல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். உள்ளே பார்த்தால்... நாலைந்து மேஜைகளை ஒட்டிப் போட்டு அதன்மேல் ஒரு ஊரையே உட்கார வைத்திருந்தார்கள். கைக்குள் அடங்கும் வீடுகள், விரல் உயர மரங்கள், ஒரு ஆறு, ஆற்றுக்கு ஒரு பாலம். பாலத்தின்மேல் கறுப்பாக, குட்டியாக ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது.

குட்டி ரயில் பைத்தியங்கள் வருஷத்துக்கு ஒரு முறை கூடும் கண்காட்சி அது. அந்த மேஜைக்குச் சொந்தக்காரி முதலில் கவனித்தது அவனை அல்ல, அவன் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரை. அவளுடைய ஆறு பசையால் ஆனது. நிஜத் தண்ணீர் பட்டால் கரைந்து போகும்.

"கொஞ்சம் தள்ளி நின்னு சொட்டுங்களேன்," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அவளுக்குக் கண் என்றால் தொழில். அப்பாவின் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் அவள்தான். காலையிலிருந்து சாயந்திரம் வரை சிவந்த கண், சோர்ந்த கண், ஒன்றும் தெரியாமலே எல்லாம் தெரிகிறது என்று புளுகும் கண்... அவள் போய் ஒருவனுடைய கண்ணைப் பார்த்து மயங்குவதென்றால் அது பல் டாக்டர் பல்லைப் பார்த்து மயங்குகிற மாதிரி. ஆனாலும் இந்தக் கண்கள் கொஞ்சம் வேறுதான். தூரத்தையே பார்த்துப் பழகினவை, இன்றைக்குத்தான் முதன்முதலாக ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கிற மாதிரி... இமைக்க மறந்து போய் அந்தக் கறுப்பு இன்ஜினின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

அந்த இன்ஜின் அவளுடைய செல்லம். ஒரு பழைய சாமான் கடையில் உயிரில்லாமல் கிடந்ததை வாங்கி, மோட்டாரைக் கழற்றி, துரு சுரண்டி, சக்கரம் சக்கரமாகத் துடைத்து, ஒரு வருஷம் மல்லுக்கட்டி ஓட வைத்திருந்தாள். அதை யார் கையிலும் கொடுப்பதில்லை. அவன் ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டபோது மட்டும், ஏனோ தெரியவில்லை... வேகத் திருகு இருந்த பெட்டியை அவன் பக்கம் நகர்த்திவிட்டாள். மெதுவாகத் திருப்பச் சொன்னாள். தெரியும் என்று அவன் கொஞ்சம் கெத்தாகவே தலையாட்டினான்.

ஆட்டிவிட்டு ஒரே திருப்பாகத் திருப்பினான்.

இன்ஜின் பாய்ந்தது. பாலம் தாண்டி வளைவு வந்தது. வளைவுக்கு வளையாமல் நேராகப் போய், மேஜை விளிம்பைத் தாண்டி, சிமென்ட் தரையில் 'டக்' என்று விழுந்தது.

ஹாலே திரும்பிப் பார்த்தது. அவன் ஈரத்தோடு மண்டியிட்டு ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினான். யாரையோ மோதிவிட்டவன் மாதிரி முகம் வெளுத்துப் போயிருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. அழுகையை அடக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி திட்டுவதுதான்.

"என்ன வேலை பாக்கறீங்க நீங்க?"

"வண்டி ஓட்டறேன்," என்றான் குனிந்தபடியே.

"இப்படியா?"

அவன் காது சிவந்தது. டாக்ஸி போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதில் ஏறுகிறவர்களை எண்ணிப் பரிதாபமும் பட்டாள்.

சரிசெய்து தருவது தன் பொறுப்பு என்றான் அவன். இனி ஒரு தடவை இதை உங்கள் கையில் கொடுப்பேனா என்றாள் அவள்.

"குடுக்க வேண்டாம். நீங்களே பண்ணுங்க... நான் பக்கத்துல விளக்கு பிடிக்கிறேன்."

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். உதடு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அவன் சொன்னபடி அவள் வீட்டுக்கு வந்து நின்றான், கையில் நிஜமாகவே ஒரு டார்ச் விளக்கோடு. அவளுடைய ரயில் ஓடும் மாடியறைக்கு அழைத்துப் போகும்போது படிக்குப் படி தயங்கினாள். அந்த அறையை வெளி ஆளுக்குக் காட்டி வெகு நாளாகிறது. போன வருஷம் சம்பந்தம் பேச வந்தவர்களைப் பெருமையோடு மேலே கூட்டிப் போனாள். மாப்பிள்ளையின் அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, பிறக்கிற குழந்தைக்குப் பொம்மை வாங்கும் செலவு மிச்சம் என்றாள். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். கல்யாணத்துக்குப் பிறகு இதையெல்லாம் மூட்டை கட்டிவிடலாம் என்று பெரிய மனதோடு சொல்லவும் செய்தான். அவனையே மூட்டை கட்டி அனுப்பிவிட்டாள். ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் எங்கோ உள்ளே மாட்டிக்கொண்டு எடுக்க வரவில்லை.

இவன் சிரிக்கவில்லை. அறை முழுக்கச் சுற்றி ஓடிய தண்டவாளத்தைப் பார்த்தபடி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான்.

இன்ஜினைத் திறந்து பார்த்ததில் ஒரு அச்சு வளைந்திருந்தது. மேல்கூடு விரிசல். எல்லாவற்றையும்விட மோசம், கடுகு கடுகாகப் பல் வைத்த ஒரு பிளாஸ்டிக் சக்கரத்தில் இரண்டு பல்லைக் காணோம். அதைத் தபாலில் வரவழைக்க வேண்டும். வரும்வரை மற்ற வேலைகளைப் பார்க்கலாம் என்றாள். கண்ணாடிச் சட்டத்துக்குப் போடும் அதே பொடி ஸ்க்ரூ டிரைவரால்தான் இன்ஜினையும் கழற்றுவாள். அவன் விளக்கு பிடித்தான். அச்சை நிமிர்த்தும்போது அவளோடு சேர்ந்து மூச்சையும் பிடித்தான். தண்டவாளத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்கச் சொன்னால் மூலை முடுக்கெல்லாம் துடைத்து, பஞ்சில் ஏறிய கறுப்பைப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினான்.

வேலையின் நடுவே அவள் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருப்பாள். சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் நிற்க வேண்டும்.

"மஞ்சள் விழுந்தா?" என்று கேட்டான் அவன், ரொம்ப அக்கறையாக.

"வேகத்தைக் குறைக்கணும். அடுத்தது சிவப்பா இருக்கலாம்னு அர்த்தம். நிஜ ரயில் நினைச்ச உடனே நிக்காது, தெரியுமா?"

"அப்படியா," என்றான். ஒரு சின்னப் பெருமூச்சும் வந்தது.

அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்ததும். அம்மா முதலில் ஒரு கப் டீ மேலே அனுப்பினாள், பிறகு இரண்டு கப், பிறகு டீயோடு தானும் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அவன் அந்தக் குட்டி ஊரின் ஒவ்வொரு வீட்டையும் விசாரித்தான். இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், இந்த ஆள் ஏன் ஜன்னலிலேயே நிற்கிறான் என்று. இதுவரை யாரும் கேட்டிராத கேள்விகள். பதில் எல்லாம் அவளிடம் எப்போதோ தயாராக இருந்தது.

வெளியூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா போனில் மோப்பம் பிடித்தாள். யாரடி அது என்றாள். விளக்கு பிடிக்க வருகிறவர் என்றாள் இவள். பட்டப்பகலில் என்ன விளக்கு என்று கேட்டாள் அக்கா.

பல் சக்கரம் வந்து சேர்ந்ததும் அடுத்த ஞாயிறே பொருத்திவிட்டார்கள். இன்ஜின் முனகியது, யோசித்தது, நகர்ந்தது. ஒரு முழுச் சுற்று போய்ப் பாலத்தில் ஏறி இறங்கி வந்து நின்றது. இப்போது நீங்கள் என்று அவள் சொன்னதும் அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பயப்படாதீங்க... நான் இருக்கேன்ல."

கையைப் பிடித்து இழுத்துத் திருகின்மேல் வைத்தாள். அவன் விரலின்மேல் அவள் விரல். ரயில் எறும்பு மாதிரி ஊர்ந்தது. சுற்று முடிந்தும் விரல்கள் எடுபடவில்லை. ஜன்னலில் தூறல் தட்டிக்கொண்டிருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்று மூடிக்கொண்டான். சொல்லட்டுமே... என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவன் சொல்ல வந்தது என்ன என்று அந்த வாரமே தெரிந்துபோனது.

அக்காவை அழைத்து வர ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். நீளமான எக்ஸ்பிரஸ் ஒன்று ஒரு குலுக்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. எவ்வளவு அழகாக நிறுத்துகிறார் என்று ரசித்தபடி இன்ஜின் பக்கம் திரும்பினாள். கதவைத் திறந்துகொண்டு, சீருடையில், தோளில் பையோடு, ஒரு ஆள் இறங்கினான்.

அவன்தான்.

ஒரு நொடி சந்தோஷம்தான் வந்தது. அடுத்த நொடி அவள் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகக் காதுக்குள் திரும்பி வந்தது. பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் குறைக்கணும். நிஜ ரயில் நினைச்ச உடனே நிக்காது, தெரியுமா... உடம்பே கூசியது. ரயில் டிரைவருக்கே ரயில் பாடம் எடுத்த பைத்தியக்காரி. எத்தனை நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருப்பான்?

அவளைக் கண்டதும் அவன் வேகமாக வந்தான். பேச ஆரம்பிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"மஞ்சள்னா என்னன்னு இப்பவாவது புரிஞ்சுதா?"

கேட்டுவிட்டுத் திரும்பி நடந்துவிட்டாள். பெட்டியோடு பின்னால் ஓடிவந்த அக்கா யார் அது என்றாள். தெரியாதவர் என்றாள் இவள். தெரியாதவருக்காக யாராவது இப்படி மூக்கு சிவக்க அழுவார்களா என்று அக்கா அந்த நேரத்தில் கேட்கவில்லை. அக்காக்களுக்கு அந்த அளவு தெரியும்.

ஞாயிறு அவன் வந்தபோது மாடி பூட்டியிருக்கிறது என்று அம்மாவை விட்டுச் சொல்ல வைத்தாள். அவன் ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். ரயிலை ஓட விட்டாள், ஓடியது. அவ்வளவுதான். அதைப் பார்க்க மனசு வரவில்லை.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து மொத்தக் கதையையும் கறந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"அவர் சிரிச்சாரா?"

"மனசுக்குள்ள சிரிச்சிருப்பார்."

"மனசை விடு. நீ சொல்லிக்கொடுத்தப்ப, உன் முகத்துக்கு நேரா, ஒரு தடவையாவது சிரிச்சாரா?"

யோசித்துப் பார்த்தாள். எல்லா ஞாயிறையும் புரட்டிப் பார்த்தாள். ஒரு தடவைகூட இல்லை. அது வேறு இன்னும் குழப்பியது.

இரண்டு நாள் கழித்துக் கடையில் நல்ல கூட்டம். பரிசோதனை அறையிலிருந்து அடுத்தவரை அனுப்பச் சொல்லிக் குரல் கொடுத்தாள். கல்லாவில் இருந்த அம்மா அனுப்பினாள். அவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

அம்மாவை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, முகத்தை இறுக்கிக்கொண்டு, கண்ணாடி மாற்றிப் போட்டுப் பார்க்கும் அந்தப் பெரிய வட்டச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டினாள். ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னாள். படித்தான். மறு கண்ணை மூடச் சொன்னாள். கடைசிப் பொடி எழுத்துவரை ஒன்று விடாமல் படித்தான்.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. எதுக்கு வந்தீங்க?"

"மாடிக்குத்தான் விடமாட்டேங்கிறீங்க. வரிசையில வந்தா விட்டுத்தானே ஆகணும்..."

அவள் அவனைப் போகச் சொல்லவில்லை. அவன் அதைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். இத்தனை வருஷ வேலையில் ஒரு சக்கரம்கூடத் தடம் இறங்கியதில்லை. அவன் ஓட்டும் வண்டி கனமானது, திருப்பிவிட்டுக் காத்திருந்தால்தான் அசையும். அந்தப் பழக்கத்தில் திருப்பி, அத்தனை பேர் முன்னால் ஒரு நிமிஷத்தில் கவிழ்த்துவிட்டான். அதன்பிறகு ரயில் டிரைவர் என்று சொல்ல எப்படி வாய் வரும்?

"அன்னிக்கு சரி. அப்புறம்? நான் பாடம் எடுத்தப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தீங்க."

"தெரியும். ஆனா யாரும் எனக்கு அப்படி சொன்னதில்ல." அவன் குரல் தாழ்ந்தது. "எனக்கு சிக்னல்னா பயம். பின்னால உட்கார்ந்திருக்கிற அத்தனை ஜனமும்தான் ஞாபகம் வரும். நீங்க சொன்னப்ப... அழகா இருந்துச்சு. நான் யாருன்னு சொல்லிட்டா நீங்க நிறுத்திடுவீங்களோன்னு ஒவ்வொரு வாரமும் தள்ளிப் போட்டேன். தப்புதான்."

அவள் மேஜைமேல் இருந்த கண்ணாடி வில்லைகளைத் தேவையில்லாமல் அடுக்கினாள்.

"நேத்து ஒரு வளைவு தாண்டினதும்," என்றான், "ஒரு மஞ்சள் வீடு. மாடியில ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கிட்டே வண்டிக்குக் கையாட்டினாங்க. எத்தனை வருஷமா ஆட்டறாங்களோ என்னவோ... நேத்துதான் என் கண்ணுல பட்டுச்சு. பதிலுக்கு நானும் ஆட்டினேன். உடனே உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. இனிமே வழியில எதைப் பார்த்தாலும் உங்ககிட்டதான் சொல்லத் தோணும். எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பவே."

மூக்கில் அந்தக் கோமாளிச் சட்டம். அதற்குள் இரண்டு கண்கள், விளையாட்டே இல்லாமல். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்க, அவள் கிட்டே போய் இரண்டு கையாலும் அந்தச் சட்டத்தைக் கழற்றினாள். கழற்றிய பிறகும் விலகவில்லை.

"ஞாயித்துக்கிழமை நீங்க திரும்பிப் போனப்ப," என்றாள், "திரைக்குப் பின்னாலதான் நின்னேன். தெருமுனை திரும்பற வரைக்கும் பாத்தேன்... போயிட்டீங்களேன்னு உங்க மேலதான் கோபம் வந்துச்சு. பூட்டச் சொன்னது நானு, கோபம் உங்க மேல. அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு."

"என்ன?"

"எனக்கும் பிடிச்சிருக்கு... அதான்."

அவன் காது சிவந்தது. அவள் முகம் அதற்கு ஈடு கொடுத்தது. இரண்டு பேருக்கும் அடுத்தது என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் கை மட்டும் மெல்ல வந்து அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

வெளியே அம்மாவின் குரல், ஒன்றும் அறியாதவள் மாதிரி:

"அடுத்தவங்களை அனுப்பட்டுமா?"

"கொஞ்சம் பொறும்மா," என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "இவரை இன்னும் பாத்து முடிக்கல..."