விளிம்பில் பிழைத்தவை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்திலிருந்து அவனை எழுப்பியது சத்தமல்ல, வாசனை. கனிந்து, தோல் வெடித்து, மூடிய அறைக்குள் நாள் முழுக்கக் கிடந்த திராட்சையின் வாசனை. வீட்டில் திராட்சை இல்லை. மனைவி இறந்த இந்தப் பதினொரு மாதத்தில் அவன் அந்தப் பழத்தை வாங்கியதே இல்லை.

படுத்தபடியே கேட்டான். ஃபிரிட்ஜின் முனகல், குளியலறைக் குழாய் விட்டு விட்டுச் சொட்டும் ஒலி, அடுத்த அறையில் ஆறு வயது மகள் யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது. ஒரு கேள்வி. இடைவெளி. பிறகு, பதில் கிடைத்தது போல ஒரு சிரிப்பு.

அந்த வாசனை அவனுக்குத் தெரியும். கிருமிகளை வளர்த்து மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. அவற்றில் ஒரு வகை மட்டும் வளரும்போது திராட்சைபோல மணக்கும், பச்சையாகப் படரும். மனைவியின் அறுவைசிகிச்சைப் புண்ணில் கடைசி மூன்று வாரமும் அதே பச்சை, அதே மணம். எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. புண்ணிலிருந்து எடுத்த கிருமியை அவனே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனான். மருந்து கிடைத்தது. அவள் போய் நான்கு மாதம் கழித்து.

நாற்பத்தொன்று என்று எண்ணிட்ட செயற்கைச் சேர்மம். தனியாக எதையும் கொல்லாது. பழைய ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால், அதற்கு அடங்காத கிருமியும் சாகும். தலைமை ஆய்வாளர் அதற்கு மாப்பிள்ளைத் தோழன் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். "தனியா விட்டா கொசுவக்கூட அடிக்காது. மாப்பிள்ளை பக்கத்துல நின்னாத்தான் அதுக்கு மவுசு."

கிருமி பரப்பிய தட்டின் நடுவில் மருந்து தோய்த்த காகித வில்லையை வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வெற்று வட்டம் விழும். மனைவியின் கிருமிமேல் இருபத்திரண்டு மில்லிமீட்டர் வட்டம் விழுந்த காலையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.

அவள் உடம்பிலிருந்து வந்து உயிரோடு மிஞ்சியவை இரண்டுதான். மகள். இது.

அன்று மாலை, வட்டத்தின் விளிம்பில் பிழைத்துக் கிடந்ததைத் தொட்டெடுத்துப் புதுத் தட்டில் வளர்த்தான். சோதனைத் தட்டுபோலத் தெரிய அதிலும் அதே மருந்து வில்லையை வைத்தான். வாரம் ஒரு தட்டு. ஒவ்வொரு முறையும் விளிம்பில் பிழைத்ததிலிருந்து. ஏழு மாதம். எல்லாத் தட்டுகளையும் அளப்பவன், இந்த ஒன்றை மட்டும் அளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமை ஆய்வாளர் சொன்னார்: "தம்பி, பழைய தட்டு எல்லாத்தையும் அவிச்சுக் கொட்டிடுங்க. கிருமிக்கெல்லாம் நாம குடித்தனம் வச்சுக் குடுக்க முடியாது."

ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அழித்தான். அந்த ஒன்றைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து, மனைவியின் சால்வையில் சுற்றி, அலமாரியின் கீழ்த்தட்டில் ஒளித்தான்.

படுக்கையிலிருந்து எழுந்து அடுத்த அறைக்குப் போனான். வாசனை கனத்தது. மகள் அலமாரி முன்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சால்வை தரையில் விரிந்து கிடந்தது.

"யார்கிட்டம்மா பேசுற?"

"அம்மாகிட்ட."

அவன் வாசலிலேயே நின்றான்.

"நீங்கதானே முந்தாநாள் ராத்திரி டப்பாவத் திறந்து அம்மா பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க? நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். நீங்க பாக்கல." முகத்தில் பெருமை. "நானே மோந்து கண்டுபிடிச்சேன். ஆஸ்பத்திரில அம்மா இப்படித்தான் மணக்கும்."

"தொட்டியா?"

"கொஞ்சூண்டு."

"எங்க தொட்ட? கையக் காட்டு."

"நேத்தே கட்ட விலக்கி முட்டியில தடவினேன். அம்மா தடவினா சரியாயிடும்ல?"

வியாழக்கிழமை விழுந்து சிராய்த்த முட்டி. அன்றைக்கு அவன் கட்டிய கட்டு. அதன் பிறகு பிரித்துப் பார்க்கவில்லை.

பயப்படாதே என்று தனக்கே சொன்னான். மருந்து இருக்கிறது. நாற்பத்தொன்று இருக்கிறது. தலைமை ஆய்வாளருக்கு ஒரு போன் போதும். இருபத்திரண்டு மில்லிமீட்டர்.

தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

பச்சை. மகளின் விரல் கோடுகள். கோடுகளுக்குள்ளும் பச்சை. நடுவில் வட்டத்தைத் தேடினான். வட்டம் இல்லை. வில்லையின் ஓரம்வரை பச்சை.

வில்லையின் மேலேயும்.

"அம்மாவக் கீழ வைங்கப்பா. தலை சுத்தும்."

பின்னாலிருந்து ஒரு சிறு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. கொதித்தது.

"குளிருதுப்பா."

மறு கையால் அவள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். துணி ஈரமாக உரிந்தது. திராட்சை.

முட்டியில், காயத்தைச் சுற்றி, பச்சையாக ஒரு வட்டம்.

பழக்கத்தில் கண்ணாலேயே அளந்தான்.

இருபத்திரண்டு.