வீட்டோடு படித்த இரண்டு வருடம்

"இன்னும் அந்தப் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னேல்லையோ?"

கணவன் ஜக்சனின் குரல் குசினிவரை வந்து விழுந்தது. இன்பமலர் பிட்டுப் பானையை இறக்கி வைத்தாள். வெள்ளைச் சீருடையை விடியவே மகளின் அறையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு இன்று லதுஷா பள்ளிக்கூடம் போகப் போகிறாள். அதிபரோடு கதைத்தது ஜக்சனின் அக்கா அனிற்றா ரீச்சர். கையெழுத்துப் போட்டது ஜக்சன். பெற்றவளிடம் மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னும் ஒரு தவணை, மூண்டு மாசம், பொறுக்கக் கூடாதோ... அவள் ராவு முழுக்க நித்திரை கொள்ளேல்லை."

"பொறுத்துப் பொறுத்துத்தான் ரெண்டு வருசம் போச்சு! பாலையூற்று ஊர் முழுக்க என்னைப் பாத்துச் சிரிக்குது. அவளோட படிச்ச பிள்ளையள் இந்த வருசம் புலமைப்பரிசில் சோதினை எழுதுதுகள். என்ர மகள் என்ன செய்யிறாள்? கடற்கரையில நிண்டு கப்பல் பாக்கிறாள்!"

கப்பல் பார்த்தது உண்மைதான். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவனுடைய மகள் வேறு எதைப் பார்ப்பாள்? ஒருநாள் கோதுமை ஏற்றி வந்த கப்பலைப் பார்த்து, "ஏனம்மா நாங்கள் கோதுமை விதைக்கிறேல்லை?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே தாயும் மகளும் பத்து நாள் கிடந்தார்கள். மண், மழை, உலகப்படம், கப்பல் வந்த தூரத்தை நாட்களால் வகுக்கிற கணக்கு, எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்தன. பிள்ளை கேட்கிற இடத்தில் தொடங்கினால் படிப்பு தன்பாட்டில் நடக்கும் என்பது இன்பமலரின் எண்ணம். ஆனால் நேற்றுவரை சரியென்று நினைத்ததெல்லாம் சில காலைகளில் பிழையாகத் தெரியும். பிழை விடுவது நான், அனுபவிக்கப் போவது அவளல்லவா என்று பயந்து சாவாள்.

வீட்டில் படிப்பிக்கும் அந்த எண்ணமும் தானாக வந்ததல்ல. முதலில் அது ஒரு பொய்யாகத்தான் இருந்தது.

லதுஷா மூன்றாம் வகுப்பில் படித்தது மாமி அனிற்றா ரீச்சரிடம். ஒரு நாள் மத்தியானம் பிள்ளை சோற்றைப் பிசைய மாட்டாமல் அழுதது. உள்ளங்கை இரண்டும் அடிபட்டு வீங்கியிருந்தன. "அப்பாட்டச் சொல்லாதீங்கோ அம்மா, மாமிக்குக் கோவம் வரும்" என்று அது கெஞ்சியபோது இன்பமலருக்கு உலகமே இருண்டது. யாரிடம் சொல்வாள்? சுனாமியில் தாயும் தகப்பனும் போன பிறகு தனக்கென்று ஒரு கல்யாணங்கூடச் செய்யாமல் தம்பியை ஆளாக்கியவர் அனிற்றா. ஜக்சனுக்கு அக்கா தெய்வம். அந்தத் தெய்வத்தின் மேல் எப்படிப் பழி சொல்வது? "பள்ளிக்கூடத்தில பாடமாக்கி ஒப்பிக்கத்தான் சொல்லிக் குடுக்கினம், நான் வீட்டில படிப்பிக்கப் போறன்" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். பொய்யை மெய்யாக்கப் புத்தகங்கள் தேடி வாசித்தாள். வீட்டில் பிள்ளை படிப்பிக்கும் வேறு தாய்மாரோடு போனில் கதைத்தாள். கடைசியில் உண்மையாகவே நம்பிவிட்டாள். போனில் பார்த்துப் பைத்தியம் பிடித்தவள் என்று வீடும் ஊரும் பெயர் வைத்ததுதான் மிச்சம்.

"எங்கட அக்கா இல்லாட்டி நான் இண்டைக்கு ஆர்? அவ படிப்பிச்ச பிள்ளையள் டொக்டரா இருக்கினம். நீ என்னத்தைக் கண்டனி?"

சொல்லிவிடலாமா? சொன்னால் அக்காவும் தம்பியும் உடைந்து போவார்கள். சொல்லாவிட்டால் பிள்ளை திரும்பவும் அந்தக் கைக்குள் போகும். இன்பமலரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "இஞ்ச பாருங்கோ, ஒரு விசயம்..." என்று தொடங்கினாள்.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது.

"எங்க என்ர குஞ்சு? வெளிக்கிட்டாச்சோ?" அனிற்றா ரீச்சர் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். கையில் புதுக் கொப்பிகளும் ஒரு பென்சில் பெட்டியும்.

அறைக்குள்ளிருந்து லதுஷா வந்தாள். தானாகவே சீருடை போட்டு, தானாகவே பின்னலும் போட்டிருந்தாள். அழவில்லை. நேரே நடந்து வந்து ரீச்சருக்கு முன்னால் நின்றாள். வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"இண்டைக்கு எத்தனை ரீச்சர்?"

"என்ன... என்ன பிள்ளை கேக்குது?" ஜக்சன் அக்காவைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். இன்பமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அனிற்றா ரீச்சரின் கையிலிருந்து கொப்பிகள் சரிந்தன.

"தம்பி... சொந்தக்காரப் பிள்ளைக்குச் சலுகை காட்டுறன் எண்டு பெற்றார் கூட்டத்தில ஒருத்தி எழும்பிச் சொன்னவள். எனக்குத் தாங்கேலாமப் போச்சு. அதுக்குப் பிறகு மற்றப் பிள்ளையளுக்கு ஒரு அடியெண்டால் இவளுக்கு ரெண்டு... எல்லாரும் பாக்கத்தான் அடிச்சனான்!"

"அக்கா!"

"இன்பமலர் ஏன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடாம மறிச்சவள் எண்டு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தனான். ஊர் இவளைப் பைத்தியம் எண்டேக்கையும் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். பாவி நான்!"

ஜக்சன் கதிரையில் பொத்தென்று விழுந்தான். "ஏனடி எனக்குச் சொல்லேல்லை? நாய் மாதிரி உன்னைப் பேசினனே..."

"உங்களை வளத்த அக்காவைப் பற்றி உங்களிட்ட நான் என்னெண்டு சொல்லுறது?"

அனிற்றா ரீச்சர் ஓவென்று அழுதுகொண்டு இன்பமலரின் தோளில் சாய்ந்தார். இரண்டு வருடம் கேட்ட வசைகளெல்லாம் இன்பமலருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஆனாலும் அந்த முதுகைத் தடவிவிட்டாள். ஜக்சன் எழும்பி வந்து இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இனி நீ சொல்லுறதுதான், பிள்ளை வீட்டில படிக்கட்டும்" என்று விம்மினான். வென்றுவிட்டோம் என்று இன்பமலருக்குத் தோன்றவில்லை. கோதுமையும் கப்பலும் உலகப்படமும் சொல்லிக் கொடுத்த இரண்டு வருடத்தில் இந்த ஒரு பாடத்தை அவளால் பிள்ளையின் கையிலிருந்து எடுக்க முடியவில்லையே!

மூவரும் அழுது ஓய வெகுநேரமாயிற்று. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா..." என்று மெதுவாகக் குரல் வந்தது. கண்ணை மூடியபடியே நின்றாள் லதுஷா. "நான் கையை இறக்கட்டா?"