ஆறாவது கை

“நீங்க வெளிய போங்க. உங்க மனைவிகிட்ட நான் தனியாப் பேசணும்.”

இதை எந்த விண்ணப்பதாரரிடமும் கேட்கக் கூடாது என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பயிற்சிக் கையேட்டில் பதினான்காம் விதி. இரண்டு வருடம் நானும் கேட்கவில்லை. இந்தப் புதன்கிழமை, ஆயுத அனுமதி மையத்தின் மூன்றாவது மேசையில் உட்கார்ந்துகொண்டு கேட்டுவிட்டேன்.

எதிரே மாதேஷ். சேலத்தில் நான்கு தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். லைசென்ஸ் புதுப்பிக்க வந்திருந்தார். அவருடைய துப்பாக்கி எல்லோருடையதையும் போல வாசலில் உள்ள கண்ணாடிப் பெட்டியில் பச்சை விளக்கோடு கிடந்தது. பக்கத்தில் மனைவி தர்ஷினி, தம்பி, தங்கை புருஷன், பக்கத்து வீட்டுக்காரர், லாரி டிரைவர். ஐந்து பேருடைய வலது உள்ளங்கையும் நாடிப்பலகைமேல் இருந்தது.

“என்ன மேடம், பொண்ணு பாக்க வந்தவங்களாட்டம் தனியாப் பேசணும்ங்கறீங்க” என்று மாதேஷ் சிரித்தார். தம்பியும் சிரித்தார். டிரைவர், முதலாளி சிரித்து முடிக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சிரித்தார். தர்ஷினி மட்டும் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பஞ்ச வருடங்களில் லாரிக் கொள்ளை பெருகியபோது வீட்டுக்கொரு துப்பாக்கி வைத்துக்கொள்ள அரசு அனுமதித்தது. பத்து வருடம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த பதினேழு பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். பிறகுதான் விவாதம் கிளம்பியது. அத்தனையையும் பிடுங்கிவிடு என்றது ஒரு தரப்பு. போலீஸ் ரெக்கார்டைப் பார்த்துக் கொடு என்றது இன்னொன்று. மண்டபத்தில் சுட்டவன்மேல் ஒரு பெட்டி கேஸ்கூட இல்லை. ஒரு வருடம் கத்தி ஓய்ந்தபின் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஐங்கைச் சான்று. உன்னை நன்றாகத் தெரிந்த ஐந்து பேர் ஒவ்வொரு வருடமும் வந்து உனக்காகக் கை வைக்க வேண்டும். அவர்களில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், போனில் ஒரு பொத்தானை அழுத்திக் கையை எடுத்துக்கொள்ளலாம். அந்த நொடியே பூட்டுகிற மின்னலை ஒன்று பாய்ந்து துப்பாக்கி வெறும் இரும்பாகிவிடும். யார் எடுத்தார்கள் என்று அரசு சொல்லாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து பேரையும் தேர்ந்தெடுப்பவர் விண்ணப்பதாரர்தான். வேன் பிடித்துக் கூட்டிவந்து, டீ வாங்கிக் கொடுத்து, கை வைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பவரும் அவர்தான். பலகை நாடியைப் பார்த்துப் பொய்யைப் பிடித்துவிடும், கவலை வேண்டாம் என்றார்கள்.

போன மாதம் ஒரு தண்ணீர் வரிசையில் ஒன்பது பேர் செத்தார்கள். முதலில் செத்தது சுட்டவனுடைய மனைவி. அவனுக்கு ஐந்து கையும் பச்சை. அலுவலர் இடத்தில் இருந்தது என் கட்டைவிரல்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. என் அப்பா செங்கல் சூளையில், காட்டிய இடத்திலெல்லாம் விரல் வைத்தவர். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. மகள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள் என்றுதான் என்னைப் படிக்க வைத்தார். நானோ அந்தச் சுட்டவனுடைய கோப்பில் நான்கு விநாடியில் விரல் வைத்திருந்தேன். நேரமும் பதிவாகியிருக்கிறது.

ஒன்பது பேர் செத்த பிறகுதான் அதைப் படித்தேன். பலகை ஒருவருடைய நாடியை அவருடைய போன வருட நாடியோடு மட்டுமே ஒப்பிடுகிறது. மாறியிருந்தால் சிவப்பு, மாறாவிட்டால் பச்சை. செத்துப்போன அந்தப் பெண்ணின் நாடி முதல் வருடம் நூற்றிருபத்தொன்று. மறு வருடம் நூற்றிருபது. மாற்றமில்லை. வருடம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தவளை இயந்திரம் நிம்மதியானவள் என்று எழுதிவிட்டது.

தர்ஷினிக்கு இன்று நூற்றுப் பதினெட்டு. போன வருடமும் நூற்றுப் பதினெட்டு. போன வருடமும் விரல் வைத்தது நான்தான்.

ஹாலே திரும்பிப் பார்த்ததால் மாதேஷ் எழுந்து போனார். போகும்போது மனைவியின் தோளை இரண்டு முறை தட்டினார். மற்ற நால்வரும் அவர் பின்னால் போனார்கள். எனக்கு நான்கு நிமிடம் கிடைத்தது. முதல் மூன்று நிமிடமும் அவள் தன் புருஷனைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். குடியில்லை, பிள்ளைகளுக்கு நல்ல ஸ்கூல், வருடம் தவறாமல் குலதெய்வக் கோயில். ஒப்பிக்கிறாள் என்று தெரிந்தது. நான் ஒன்றும் எழுதவில்லை. திரையைத் திருப்பி, இரண்டு வருடக் கோடுகளையும் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏனுங்க மேடம், நான் கைய எடுத்தா, வேற யாரோ எடுத்தாங்கன்னு போட முடியுங்களா?”

முடியாது என்றேன். யார் பெயரும் வராது என்றேன்.

“பேரு வரலைன்னா அது நான்தானுங்க” என்றாள். அதற்குள் கண்காணிப்பாளர் கோகுல்நாத் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. அந்த மண்டபத்தில் இறந்த பதினேழு பேரில் ஒருத்தி அவருடைய அக்கா மகள். ஐங்கைச் சான்றுக்காகக் கையெழுத்து வாங்கித் தெருத்தெருவாக அலைந்தவர். மாதேஷ் புகார் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். சான்றாளரைத் தனியாக விசாரித்தால் நாளை யாரும் சான்றுக்கு வரமாட்டார்கள், எல்லோரும் கள்ளத் துப்பாக்கி வாங்குவார்கள், அதைப் பூட்ட நமக்கு எந்த வழியும் கிடையாது என்றார். அதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. தண்ணீர் வரிசைக் கோப்பை அவர் முன் வைத்தேன். கமிட்டிக்கு எழுதியிருக்கிறேன், ஆறு மாதத்தில் பலகையை மாற்றுவார்கள் என்றார்.

“வெளிய உக்காந்திருக்கற பொம்பளைக்கு ஆறு மாசம் இருக்கா சார்?”

“யாரு கைய எடுத்தான்னு பேரு வராதும்மா. அந்தப் பாதுகாப்பு இருக்குல்ல?”

“பேரு வராததுதான் சார் பிரச்சனையே. மொத்தமே அஞ்சு பேரு. யாருன்னு கண்டுபிடிக்க எவ்ளோ நேரமாகும்?”

அவர் கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார். நான் மேசைக்குத் திரும்பி வந்து சட்டத்தைத் திறந்தேன். சான்றளித்த எவரும், எப்போதும், காரணம் சொல்லாமல் கையை விலக்கிக்கொள்ளலாம். சான்றளித்தவர் என்பதற்கு விளக்கம் அடுத்த பக்கத்தில்: ஐந்து சான்றாளர், ஒரு சரிபார்ப்பு அலுவலர். ஆறாவது கை என்னுடையது. அதை யாரும் எடுத்ததில்லை. எடுக்கலாம் என்று பயிற்சியில் யாரும் சொன்னதுமில்லை.

என் பெயரில் நானூற்றுப் பன்னிரண்டு லைசென்ஸ் உயிரோடு இருந்தது. அனைத்தையுமா என்று திரை கேட்டது. ஆம். அலுவலருக்கு மட்டும் வரும் கேள்வி அடுத்து வந்தது: பெயரை மறைக்கவா? வேண்டாம்.

கோகுல்நாத் சார் பின்னால் வந்து நின்றிருந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“ஓவியா, இதுல நல்லவங்களும் இருக்காங்கம்மா. நாளைக்கு ராத்திரி அவங்க லாரிய எவனாவது மறிச்சா?”

“நல்லவங்க யாருன்னு எனக்குத் தெரியல சார். தெரியாமத்தான் கை வெச்சிருக்கேன்.”

“உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.”

“வெறுங்கையோடதான வருவாங்க” என்றேன். அப்போது என் கையைப் பலகையில் வைத்திருந்தால் சிவப்பு வந்திருக்கும்.

கடைசிப் பொத்தானை அழுத்தினேன்.

வாசல் பெட்டியில் ஏழு துப்பாக்கிகள் இருந்தன. அவற்றில் மூன்றின் விளக்குகள் சிவப்பாயின. பெஞ்சில் தர்ஷினியோடு உட்கார்ந்திருந்த மாதேஷின் போன் அதிர்ந்தது. அவர் செய்தியை முழுதாகப் படிக்கவில்லை. முதல் வரியிலேயே தலை மனைவி பக்கம் திரும்பியது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்தாள், ஒன்றும் இல்லை என்பதுபோல். பிறகுதான் அவர் இரண்டாவது வரியைப் படித்தார். கை விலக்கியவர்: ப. ஓவியா, சரிபார்ப்பு அலுவலர், மேசை மூன்று.

அவர் என்னைத் தேடினார். நான் எழுந்து, அடையாள அட்டையை வெளியே இழுத்துவிட்டு, பெஞ்சுக்கு எதிரே போய் நின்றேன். அட்டையில் இருந்த பெயரை அவர் படித்து முடிக்கும்வரை நின்றேன். தர்ஷினியும் படித்தாள். அவள் கைகள் மெதுவாக மூடிக்கொண்டன.

பிறகு பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி வெளியே போனேன்.