நாலாவது பெல்ட்

கார் பகல் முழுக்க வெயிலில் நின்றிருந்தது. கதவுப்பிடி விரலைச் சுட்டது. ஆனாலும் பின்பக்க இடது கண்ணாடி மட்டும், அடியோரத்தில், உள்ளுக்குள் வியர்த்திருந்தது.

அவள் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தாள். ஈரம் உள்பக்கம். போகவில்லை.

"இப்பதான் வாட்டர்வாஷ் பண்ணோம் மேடம்" என்றார் பழைய கார் புரோக்கர், அவள் எதுவும் கேட்காமலே.

இயர்போனில் தம்பி சிரித்தான். ஒர்க்‌ஷாப்பில் யாருடைய வண்டிக்கோ அடியில் படுத்துக்கொண்டு அக்காவுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான். "கேக்காமலே பதில் வருதா? உஷாரா இரு. வெள்ளத்துல முங்குன வண்டியத்தான் இப்படி சிங்காரிச்சு நிறுத்துவானுங்க. முதல்ல மோந்து பாரு."

"சென்ட் வாசனைதான்டா. மண்டைய இடிக்குது."

"வருஷம் பூரா சளி புடிச்ச மூக்க நம்பி என்ன பண்றது? கார்ப்பெட்டத் தூக்கு."

தூக்கினாள். மொறமொறவென்று காய்ந்திருந்தது. டிக்கியில் ஸ்டெப்னி டயர் குழியிலும் துரு இல்லை.

"சரி, பெல்ட்ட கடைசி வரைக்கும் இழு. கழுவுறவன் வெளியில தெரியிற பட்டையத்தான் கழுவுவான். சுருளுக்குள்ள இருக்கிறது சேத்தோட அப்படியே கிடக்கும்."

முன்சீட் பெல்ட் இரண்டையும் இழுத்தாள். "சுத்தம். இதுவும் சுத்தம்." பின்சீட்டில் வலது பக்கம். "சுத்தம்." இடது பக்கம் மகள் வாண்டு ஏறி உட்கார்ந்து, பெல்ட்டையும் தானே மாட்டிக்கொண்டிருந்தாள். ரெட்டைப் பின்னல், ஆட்டிக்கொண்டே இருக்கிற கால்.

"எழுந்திருடி, ஒரு நிமிஷம்."

"மாட்டேன் போ. இது என் சீட்டு."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு இறக்கிவிட மனசு வரவில்லை. ஸ்கூட்டரில் மழையில் நனைந்து நனைந்து வாண்டுவுக்கு மூச்சு இழுத்து, ராத்திரியெல்லாம் அவளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு விழித்திருந்த பிறகுதான் வீட்டில் கார் என்ற பேச்சே எழுந்தது. இனி இவள்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. அதற்குத்தான் இத்தனையும்.

"எல்லாம் பாத்தாச்சுடா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

"நீங்களே ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க மேடம்."

"நீங்க வரலையா?"

"எனக்கு... வேலை இருக்கு." சாவியை ஜன்னல் வழியே கையை நீட்டித்தான் கொடுத்தார். இவ்வளவு நேரத்தில் அந்த மனிதர் ஒரு தடவைகூடக் காருக்குள் தலையை நுழைக்கவில்லை என்பது, தெருமுனை திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வண்டி வெண்ணெயாக ஓடியது. ஊருக்கு வெளியே, பாதி கட்டி நின்றுபோன வீடுகளுக்கு நடுவே நீண்டு கிடந்த சாலையில் சாயங்கால வெயில் மஞ்சளாகச் சரிந்திருக்க, ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னாலிருந்து ஒரு சத்தம், அரைக்குடத் தண்ணீர் இடுப்பில் அலம்புவது போல, மெல்ல ஒரு பக்கம் போய் மெல்லத் திரும்பி வந்தது. சென்ட் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொன்று கிளம்பியது. குளத்தடி மண். அழுகிய இலை.

"அம்மா, கால் நனையுது."

"பாட்டில கொட்டிட்டியா?"

"பாட்டில் வீட்ல இருக்கு."

இடது கையைப் பின்னால் விட்டுத் தரையைத் தடவினாள். காய்ந்த கார்ப்பெட். வெதுவெதுப்பு.

"விளையாடாதே வாண்டு."

"முட்டிக்கு வந்துடுச்சும்மா. சில்லுனு இருக்கு."

கண்ணாடியில் பார்த்தாள். வாண்டுவின் கால்கள் ஆடவில்லை. ஜன்னலில் வியர்வை ஒரே நேர்கோடாக நின்றது. புறப்படும்போது அடியோரத்தில் இருந்த கோடு. இப்போது தோளுக்கு நேராக.

போன் அடித்தது. காதிலிருந்த இயர்போன் பொத்தானை அழுத்தினாள்.

"அக்கா, பெல்ட் நாலாச்சே. நீ மூணு தடவைதான் சுத்தம்னு சொன்னே?"

அவள் பார்வை பின்சீட்டு இடது பெல்ட்டுக்குப் போனது.

"அம்மா, கழுத்து..."

பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. சத்தம் நிற்கவில்லை. முன்னால் வந்து மோதி, பின்னால் போனது.

"அம்மா, மூக்—"

அவ்வளவுதான்.

இறங்கி ஓடினாள். பின்கதவு திறந்துகொண்டது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. சீட் காய்ந்திருந்தது. வாண்டுவின் சட்டை காய்ந்திருந்தது. பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வந்தது. சுருளுக்குள்ளிருந்து, இன்னும், இன்னும். கறுப்பாக. சில்லென்று. விரலிடுக்கில் சேறு வழிந்தது. அந்தச் சேற்றுக்கு நடுவே பட்டையின் ஓரம் கந்தலாக இருந்தது. யாரோ கடித்திருந்தார்கள். வரிசையாக, திரும்பத் திரும்ப.

பால்பற்களின் தடம்.

"அக்கா? அக்கா, லைன்ல இருக்கியா?"

அவள் நிமிர்ந்தாள்.

வாண்டு கண்ணை அகல விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெட்டைப் பின்னலும் தோளைவிட்டு எழும்பி, காற்றே இல்லாத காருக்குள், கூரையை நோக்கி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. அவள் வாய் திறந்தது. அதிலிருந்து ஒரே ஒரு குமிழி வெளிவந்து, மஞ்சள் வெயிலில் மினுங்கியபடி, மேலே, மேலே போனது.